திரும்ப வராத புட்டா

ஓரிக்கைப் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தை அன்று காகிதத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. சுகாசினி டீச்சர் ஏழாம் வகுப்பை மூன்று குழுவாக்கி, மரத்தடியைக் குழுவுக்கொரு பக்கமாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள். பட்டைமேல் தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்தால் மேடுபள்ளமெல்லாம் தாளில் எழும்பிவிடும். மணி அடிப்பதற்குள் மர வடிவில் வெட்டிய வெள்ளை அட்டையில் இருபது தாளை முதலில் ஒட்டி முடிக்கும் குழுவின் மரம் நாளைக் கண்காட்சியில் வாசலில் நிற்கும்.

தங்கள் குழு மரம்தான் அங்கே நிற்க வேண்டும் என்பது திரிஷாவின் பிடிவாதம். பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிற அவள் நைனா கண்காட்சிக்கு வருகிறார்.

ஒரு தாளைத் தேய்த்தாள். நடுவில் கண் மாதிரி ஒரு முடிச்சு, அதைச் சுற்றிக்கொண்டு ஓடும் மூன்று வெடிப்பு. அழகாக விழுந்திருந்தது. ஆபீஸ் அறைக்கு ஓடி, அதையே பத்தொன்பது ஜெராக்ஸ் எடுத்து வந்தாள்.

"போங்கு! டீச்சர், இவ போங்கு பண்றா!" அடுத்த குழுவிலிருந்து கமல் கத்தினான்.

"இன்னாடா போங்கு? எங்க நைனா பூவோ மாங்காவோ ஒரே ஒரு புட்டாதான் வரைவாரு. தறி அதையே சேலை முழுக்கப் போட்டுக்கினு போவும். மரமும் அப்படித்தான்."

"அப்படியா? இதே புட்டா இந்த மரத்துல இன்னொண்ணு காட்டு. காட்டிட்டா எங்க தாள் எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ."

திரிஷா தாளை ஏந்திக்கொண்டு மரத்தைச் சுற்றினாள். ஒரு ஜாண் தள்ளிக் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தாள். கிடைத்தது வேறொரு கண், பாதி மூடியிருந்தது. அதற்கப்பால் ஒரு கண் துருப்பிடித்த ஆணியை விழுங்கியிருந்தது. இன்னொன்றின் வெடிப்பு வழியே எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டாம் முறை சுற்றினாள். விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"கெடைச்சுதாமா, டிசைன் மாஸ்டர்?"

"சும்மா இருடா. நீயே வந்து தேடு."

கமலும் தேடினான். கொஞ்ச நேரத்தில் அவன் கிண்டலும் நின்றுபோனது.

திரிஷா அண்ணாந்து பார்த்தாள். பட்டை மேலே மேலே போய், கிளையாகி, யாரும் போய்ப் பார்க்காத உயரத்தில் இலைக்குள் மறைந்தது. அங்கேயும் ஒரு விரற்கடை மற்றொன்றைப் போல இருக்காது. கிராஃப் தாள் இல்லை, அளவு இல்லை. ஆனாலும் எங்கும் பிசகவில்லை. இத்தனை நாள் இதன் நிழலில்தான் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறோமா? அவளுக்குப் புல்லரித்தது.

ஜெராக்ஸ் தாள்களை ஒதுக்கிவிட்டுக் கரித்துண்டை எடுத்தாள். மணி அடிக்கும்போது ஐந்து தாள்தான் முடிந்திருந்தது.

மறுநாள் வாசலில் கமல் குழுவின் மரம் நின்றது. திரிஷா குழுவின் மரம் தாழ்வாரத்து மூலையில், ஐந்து துண்டுப் பட்டையும் மற்றபடி வெள்ளையுமாகத் தொங்கியது.

"மீதி எங்கேம்மா?" என்றார் நைனா.

அவள் அவர் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனாள். "இதுல எந்த புட்டா திரும்ப வருதுன்னு நீயே கண்டுபிடி, நைனா."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். பட்டையில் உள்ளங்கையை வைத்து மெல்ல நடக்கத் தொடங்கினார். ஒரு சுற்று முடிந்தது. சிரிப்பு போயிருந்தது. அவர் நிற்கவில்லை.