பன்னிரண்டாவது வார்த்தை

அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கையில் பிடித்துக்கொண்டே அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய தங்கை. இவள் அந்தப் பக்கம் போனாலே நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியாரைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்தது என்று தொடங்கிய சண்டை. பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. சாவு வீட்டிலும் அதே ஏழாம் பொருத்தம்தான்.

அறை வாசலில் நர்ஸ் தயங்கி நின்றாள். மூச்சுத் திணறும் நோயாளிகளுக்கு வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் அனுப்பும் சின்ன அறக்கட்டளை அவளுடையது. இவள் கணவர்தான் அதற்குப் பொருளாளர்.

"அக்கா, இப்பப் போய் இதைக் கேக்குறேனேன்னு நினைக்காதீங்க. வாடகை கட்டலைன்னா நாளைக்கு மெஷினையெல்லாம் எடுத்துட்டுப் போயிடுவாங்க. முகம் தெரியாதவங்க அனுப்பின கிரிப்டோ காசு இருக்கு. ஆனா திறக்க முடியலை."

ஏன் திறக்க முடியவில்லை என்று இவளுக்குத் தெரியும். கண்ணால் பார்க்க முடியாத காசு. பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை வரிசையாகப் போட்டால்தான் திறக்கும். எழுதி வைத்தால் திருடு போகும், ஒருத்தருக்கே முழுசும் தெரிந்தால் சபலம் தட்டும் என்று, தனக்குப் பிறகு உதவட்டுமெனப் பின்பாதியை இவளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். முன்பாதி யாரிடம் என்று கேட்டால் சிரிப்பார்.

"நீ ஜென்மத்துக்கும் கூட்டுச் சேராத ஆளுகிட்ட. அதைவிடப் பெரிய பூட்டு உண்டா?"

அவர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி நர்ஸ் கூடத்துக்குப் போய் நாத்தனாரை அழைத்து வந்தபோதுதான் இவளுக்கு உறைத்தது. பாவி மனுஷன்! இதிலுமா விளையாட்டு?

"நான் கேக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேர் மட்டும்," என்று அந்தக் காசைத் திறக்கும் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்துவிட்டு, நர்ஸ் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

நாத்தனார் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தன் ஆறு வார்த்தைகளையும் அழுத்தினாள். "போட்டாச்சு," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக் கருவியை நீட்டினாள்.

"எனக்கு இந்தப் பொத்தானெல்லாம் வராது. சொல்றேன், நீயே போடு."

"என்கிட்டயா?"

"வேற யார்கிட்டச் சொல்ல?"

நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"லேடர். லெமன். விண்டர். கூஸ். பேப்பர்."

இவள் நிறுத்தினாள்.

"மறந்துடுச்சா அண்ணி?"

எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த அண்ணி!

மறக்கவில்லை. தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவர் ஒப்பிக்கச் சொல்வார். இவள் ஐந்தோடு வேண்டுமென்றே நிறுத்துவாள். கடைசி வார்த்தையை அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, "இதுகூடத் தெரியலையா, மக்கு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நிறுத்துவாள். ஆஸ்பத்திரியில் குரல் போன பிறகும் உதட்டை அசைத்து அவர்தான் முடித்து வைத்தார். முந்தாநாள்கூட.

கூடத்தில் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. எடுக்கும் நேரமாகிவிட்டது போல. யாரோ இவளைத் தேடினார்கள்.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு கையிலிருந்த கண்ணாடியை மடக்கினாள்.

"அம்ப்ரெல்லா," என்று இவளே சொல்லி முடித்தாள்.