நான் கொட்டிய பச்சைத் தண்ணீர்

அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கம்பளையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றினால் போதாது, காலையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அப்படிப்பட்ட வீட்டு முற்றத்தில் என் மகள் சஞ்சீவனி இரண்டு கேன் பச்சைத் தண்ணீரையும், அதே தண்ணீரில் ஊறிய ஒரு வாளி மட்டிச் சிப்பியையும் வைத்துவிட்டுத் தூங்கப் போனால் நான் என்ன செய்வேன்?

விடிந்ததும் அந்தத் தண்ணீரைச் சொட்டு விடாமல் கொட்டினேன். கேன்களைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மட்டிகளை எங்கள் பீலித் தண்ணீரில் மூன்று தரம் அலசி, புதுத் தண்ணீரில் மூழ்கப் போட்டேன். மலை ஊற்றிலிருந்து குழாயில் விழுகிற அந்தத் தண்ணீரைப் பிடித்துப்போகக் கண்டியிலிருந்து ஆட்கள் போத்தலோடு வருவார்கள். விருந்தாளி மட்டிகளுக்கு இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும் என்று எனக்குப் பெருமை வேறு.

ஏழு மணிக்கு எழுந்து வந்தவள் வாளியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, அது களப்புத் தண்ணி. அதுல இருந்த பச்சைதான் இதுகளுக்குச் சாப்பாடு. உப்பில்லாத தண்ணியில இதுக செத்துரும்.”

கற்பிட்டிப் பக்கம் கடல் தண்ணீர் ஏறி நிற்கிற களப்பில் பன்னிரண்டு பெண்களோடு சேர்ந்து இரண்டு வருடமாக மட்டி வளர்க்கிறாள். தண்ணீருக்குள் கயிறுகளைத் தொங்கவிடுவார்கள். மட்டி அதில் ஒட்டிக்கொண்டு வளரும். தீனியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். தண்ணீரில் மிதக்கிற பாசித் துகளை வடிகட்டித் தின்று, தண்ணீரைத் தெளிவாக்கிவிடும். அன்று கண்டியில் ஒரு கண்காட்சி. பெரிய ஹோட்டல் ஒன்றின் தலைமைச் சமையல்காரர் பஹீம் அதற்கு வருவதாக இருந்தார். அவர் வாராவாரம் வாங்கச் சம்மதித்தால் பண்ணை நிலைக்கும். இல்லையென்றால் அந்த மாதத்தோடு கயிறுகளைக் கழற்ற வேண்டியதுதான். பண்ணை என்றாலே சேறும் மருந்தும் என்று நினைக்கிற மனிதர் அவர். அவர் கண் முன்னால் பச்சைத் தண்ணீர் தெளிவதைக் காட்டத்தான் இவள் அந்தக் கேன்களைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“வேணும்னே கொட்டினீங்களா?” என்று கேட்டாள்.

சுருக்கென்று குத்தியது. பண்ணை மூடினால் இவள் வீட்டோடு வந்துவிடுவாள் என்று நான் ஆசைப்பட்டது உண்மை. அதை நூறு தடவை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தண்ணீரைக் கொட்டியது என் கைப்பழக்கம், மனசுக்கு அதில் பங்கில்லை. இதைச் சொன்னால் எந்த மகள் நம்புவாள்?

மட்டிகளை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றினாள். “வாயை இறுக்கி மூடிக்கிட்டிருக்கு. இன்னும் உசிர் இருக்கும். உப்புத் தண்ணிக்குத்தான் எங்க போறது?”

“உப்புத்தானே, கடையில இருக்கு.”

முறைத்தாள். பிறகு யோசித்தாள். “கல்லுப்பு வாங்குங்கம்மா. அதுவும் கடல் உப்புதான்.”

உப்போடும் மட்டியோடும் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். மண்டபம் வாவிக்கரையில் இருந்தது. த்ரீவீலை விட்டு இறங்கியதும் குளத்தைப் பார்த்தேன். பச்சை என்றால் அப்படியொரு பச்சை. மகளைக் கேட்காமலே வாளியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். சேலையைச் செருகிக்கொண்டு நான் தண்ணீர் அள்ளுவதை இரண்டு வெள்ளைக்காரர்கள் படம் பிடித்தார்கள். பிடித்துக்கொள்ளட்டும்.

இரண்டு கண்ணாடித் தொட்டிகளிலும் அந்தத் தண்ணீரையே ஊற்றி, சஞ்சீவனி உப்பை நிறுத்துக் கரைத்தாள். ஒன்றில் மட்டும் மட்டிகளை இறக்கினாள். ஒரு மணித்தியாலம் ஒன்றுகூட அசையவில்லை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றாவது வாயைத் திறக்கட்டும் என்று நான் கதிர்காமத்து முருகனிடம் மன்றாடினேன்.

ஒன்று திறந்தது. நூல் அளவுக்குத்தான். பிறகு பக்கத்தில் ஒன்று, மூலையில் இரண்டு. எனக்கு வந்த சந்தோஷத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, “திறந்திருச்சு, பாருங்க” என்றேன். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் மட்டி இல்லாத தொட்டி பச்சையாகவே நிற்க, மற்றதன் பின்னால் சஞ்சீவனி ஒட்டியிருந்த காகிதத்தின் எழுத்தை வாசிக்க முடிந்தது.

பஹீம் வந்து இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “இது எங்கத்தத் தண்ணி?”

“வெளிய இருக்குற குளத்துத் தண்ணி, தம்பி. நான்தான் அள்ளினேன். இவ கொண்டுவந்ததைக் காலையில கொட்டிட்டேன்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நான் இங்க பக்கத்துல மடவளை ஆள், அன்ட்டி. படிச்சதெல்லாம் கண்டியிலதான். இந்தக் குளத்துட நிறம் எனக்கு நல்லாத் தெரியும். வேற தண்ணி கொண்டுவந்தீந்தா, ஏதோ மருந்து போட்டீக்குன்னுதான் நெனச்சீப்பேன்.”

தொட்டி மட்டியை யாரும் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, சஞ்சீவனி சமைத்துக் காட்டவென்று ஐஸ் பெட்டியில் தனியாகக் கொண்டுவந்திருந்த களப்பு மட்டியை எடுத்தாள். மிளகு போட்டு அவித்துக் கொடுத்தாள். அவர் ஒரு தட்டை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

“வாரத்துக்கு ஒருக்கா எடுக்கிறேன். இருபது கிலோ.”

பண்ணை பிழைத்தது. சஞ்சீவனி கொப்பியை எடுத்து எழுதப் போனாள். நான் முந்திக்கொண்டேன்.

“ரெண்டு தரம் எடுங்க தம்பி. புதுசா இருந்தாத்தானே ருசி.”

அவர் யோசித்துத் தலையாட்டினார். சஞ்சீவனி என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு தரம்னா வேலை ஓயாதும்மா. பொங்கலுக்குக்கூட என்னால வீட்டுக்கு வர முடியாது.”

“தெரியும்” என்றேன். “நாங்க அங்க வர்றோம். உன்னோட ஆளுங்க பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பொங்குவோம்.”

அவள் கண் கலங்கி, காலையில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். நான் விடவில்லை. எந்தெந்தக் கிழமை என்று பஹீம் தம்பியிடம் பேசி முடிக்க வேண்டியிருந்தது.