சேலைக்குள் இருந்த சிலை

நீங்கள் சேலை கட்டி உட்கார்ந்திருக்க, உங்களைப் பார்த்துச் செய்த சிலை சேலையில்லாமல் இருந்தால், ஊருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

சாமியாத்தாளுக்கு அந்தக் கேள்வி அக்கா ரூபத்தில் பஸ் ஏறி வந்தது. சொந்த ஊரான ஹனூரிலிருந்து மைசூருக்கு மாரக்காள் கையில் ஒரு மாற்றுச் சேலைகூட இல்லாமல் வந்து இறங்கினாள்.

"கெளம்பு புள்ள. அண்ணன் உன்னையக் கூட்டியாரச் சொல்லியுட்டாரு."

"என்னாச்சுக்கா?"

"என்னாச்சா? நம்மூரு முனிராசு, நீ உக்கார்ற ஷெட்டுக்கு டெம்போல மண்ணு எறக்கினானாமா. நீ அம்மணமா உக்காந்திருக்கறாப்பல பொம்மை இருக்குதுன்னு சந்தைக்கடையில சொல்லிப்போட்டான். ஊரே சிரிக்குது."

புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டு அடுப்படியில் கிடந்தவள் சாமியாத்தாள். மைசூருக்கு வந்து, காலையில் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவி, மத்தியானம் மண்டி மொஹல்லாவில் சிலை செய்யும் அக்ஷதாவின் ஷெட்டில் அவள் பார்த்துச் செய்ய ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தனக்கென்று ஒரு அறை பிடித்திருந்தாள். அதன் சாவி இடுப்பில் இருந்தது. இப்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

"நான் சேலையோடதாங்க்கா உக்காந்தேன். சத்தியமா."

"அதை நான் பாத்துச் சொல்றேன். நட."

சந்துக்குள் ஸ்கூட்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி இருவரும் ஷெட்டுக்குப் போனார்கள். மேல்கோட்டை ஐயங்கார் வீட்டுப் பெண்ணான அக்ஷதா முழங்கைவரை களிமண்ணோடு எழுந்து வந்தாள். நடுவில் ஈரச்சேலை சுற்றிய உருவம் உட்கார்ந்திருந்தது. களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் வேலையில்லாத நேரமெல்லாம் சாமியாத்தாளின் பழைய சேலையை நனைத்துச் சுற்றிவைப்பார்கள்.

"அக்கா, அதான் சேலை கட்டியிருக்குதே" என்றாள் சாமியாத்தாள், கடைசி முயற்சியாக.

"என்னைய என்ன, கண்ணு தெரியாத கெழவின்னு நெனச்சயா?"

"ஸ்வல்ப… கொஞ்சம் இருங்கோ…" என்று அக்ஷதா முன்னால் வருவதற்குள் மாரக்காள் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஈரச்சேலை தரையில் சொத்தென்று விழுந்தது.

முகம் என்று ஒன்றும் இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கட்டை விரலால் அழுத்திய பள்ளம். தொடை இரண்டும் அடிமரம் மாதிரி. ஒரு முழங்கால் மேலே, அதன்மேல் கை, இடது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கி. பொட்டுத் துணி கிடையாது.

மாரக்காள் சுற்றி வந்தாள்.

"தோளு நீதான். தண்ணிக்கொடம் எடுத்து எடுத்து எறங்குன தோளு."

சாமியாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். மாரக்காள் முன்பக்கம் வந்து நின்றாள். அப்புறம் குனிந்தாள்.

"இதென்ன புள்ள, அடிவயித்துல தையல்? ஆப்ரேசன் தழும்பு மாதிரி. உனக்குத்தான் புள்ளையே பொறக்கலியே?"

சாமியாத்தாளுக்குப் பதில் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று அக்ஷதா முன்பே சொல்லிவைத்திருந்தாள். ஊருக்குப் போகவேண்டி வந்தாலும் பரவாயில்லை என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சொல்லு புள்ள!"

"அது என்னோடது" என்றாள் அக்ஷதா. "என் பையன் பொறந்தப்போ போட்ட தையல். கண்ணாடில பாத்துப் பண்ணினேன். உட்காந்திருக்கற தினுசு அவளோடது. உடம்பு என்னோடது."

"ஏனுங்க அம்மணி, சேலையோட செஞ்சா ஆவாதா?"

"துணியப் பண்ணினா துணிதான் தெரியறது. வேலையெல்லாம் முடிச்சிட்டு அப்பாடான்னு உட்காருவாளே, அந்த கனம் தெரியல."

மாரக்காள் அந்தத் தையலை மறுபடி பார்த்தாள். "உங்கூட்ல பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. எக்சிபிஷன்ல வெக்கறப்போ எல்லாரும் பாப்பா."

"அய்யங்காரூட்டு ஆளுங்க சும்மா உடுவாங்களா?"

"மாட்டா" என்று சொல்லி அக்ஷதா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

மாரக்காள் தரையில் கிடந்த சேலையை எடுத்தாள். "தண்ணி கொண்டா புள்ள, மண்ணு காஞ்சு போவுது." பக்கெட்டில் முக்கிப் பிழிந்து, கொசுவம் வைத்து, தோளில் முந்தானை போட்டு, ஒரு பெண்ணுக்குக் கட்டுவதுபோலவே கட்டிவிட்டாள்.

"அண்ணன் கேட்டா என்னக்கா சொல்லுவே?"

"எந்தங்கச்சி வவுறு இல்லீன்னு சொல்றேன்."

"அப்ப யாரோடதுன்னு கேப்பாரே?"

"என் பேரச் சொல்லுங்கோ" என்றாள் அக்ஷதா.

"அதெதுக்குங்க அம்மணி? உங்க பாடே உங்களுக்குப் பெரும்பாடு. ஆரோ மைசூர்க்காரின்னு சொல்லிக்கறேன். அந்த முனிராசு மட்டும் எங்கண்ணுல படட்டும், அவன் வவுத்துல தையல் போடறேன்."

அன்று இரவு அக்காவும் தங்கையும் சாமியாத்தாளின் அறையில் ஒரே பாயில் படுத்தார்கள்.

மறுநாள் காலை, ஹனூர் பஸ்ஸில் மாரக்காள் மட்டும் ஏறிப் போனாள்.