இன்னும் பியர் ஆகவில்லை

பனிக்காற்றில் அடுப்பு அணைந்துவிடும் என்று ரெய்னோ, கார் நிறுத்தும் கொட்டகையின் கதவை இறக்கிவிட்டான்.

பியர் காய்ச்சும் சாமான் எல்லாம் அவன் கைவேலைதான். மேல்பக்கம் அறுத்த பழைய எஃகுப் பீப்பாய்தான் அண்டா. மீன்பிடி ஐஸ்பெட்டியில் குழாய் மாட்டி, அதில் பார்லியை ஊறவைத்து வடித்திருந்தான். அண்டாவுக்கு அடியில் வான்கோழி பொரிக்கும் கேஸ் அடுப்பு சீறியது.

"மச்சான், தலை வலிக்குது," என்றான் மனைவியின் தம்பி வெய்க்கோ.

"வலிக்கிறதுக்கு உன் தலைக்குள்ள என்னடா இருக்கு?"

வெய்க்கோ சிரித்தான். சிரித்துக்கொண்டே சுவரோரம் சரிந்தான். அப்போதுதான் ரெய்னோ கவனித்தான்: நீலத் தீ மஞ்சளாகியிருந்தது. மூடிய இடத்தில் அப்படி எரிந்தால் வாசனையில்லாத விஷவாயு சேரும். எழப் பார்த்தான். கால்கள் வரவில்லை.

வீட்டுப் பக்கக் கதவு திறந்தது. அவன் மனைவி அய்லி.

"அக்கா..." என்று குழறினான் வெய்க்கோ.

"நல்லா குடிச்சிருக்கீங்க! இங்கேயே கிடங்க, சாப்பாடு கிடையாது!"

கதவு சாத்தப்பட்டது. ரெய்னோவுக்குக் குரல் எழவில்லை.

சமையலறையில் சூப்பைக் கிளறிய அய்லியின் கை நின்றது. அண்டா இன்னும் கொதிக்கிறதே! இனிமேல்தான் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கணும். இப்போது அது வெறும் பார்லித் தண்ணீர். வீட்டில் வேறு ஒரு சொட்டு மதுவும் இல்லை.

அப்படியென்றால் எதைக் குடித்தார்கள்?

ஓடினாள். கொட்டகைக் கதவைத் தூக்கி, இருவரையும் பனியில் இழுத்துப் போட்டாள்.

வெய்க்கோ இருமினான்.

ரெய்னோவின் இருமலுக்காக அவள் காத்திருந்தாள்.