ஆளுக்கொரு கிளிப்

காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அவள் அதை அணைத்துவிட்டுக் கொஞ்சநேரம் படுத்தே இருந்தாள். பிறகு எழுந்து பால் காய்ச்சினாள். அவன் பல் தேய்த்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவி, முட்டையை வேகவைத்து உரித்து, டப்பாவில் அடுக்கினான். அவள் ஃபிளாஸ்க்கில் காப்பி ஊற்றினாள். கேஸை மூடினாயா என்று கேட்டாள். மூடினேன் என்றான். நம்பிக்கை வராமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூடித்தான் இருந்தது. பால்கனிக் கொடியில் கிடந்த துண்டைப் பையில் திணித்தாள். கதவைப் பூட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். பூட்டிவிட்டுப் போனவர்கள் இரண்டு பேர். திரும்பி வந்து அந்தக் கதவைத் திறந்தவன் ஒருவன்.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வாரம் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெரியுதா? இப்போ தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள். ஒரு நாளாவது எழுத்தே இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும் என்பாள். அவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அவனுக்கும் எழுத்து கசந்துதான் போயிருந்தது. ஆனால் தண்ணீர் என்றால் அவனுக்குப் பயம். நீச்சல் தெரியாது. அவளுக்காகப் படகில் ஏறினான். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொள்வான். "பலகை எங்கேயும் ஓடிடாதுடா" என்பாள்.

படகு பாதி அவளுடையது. மீதிப் பாதி அவளுடைய அண்ணனுடையது. டயர் கடை வைத்திருக்கும் அவனுக்கு வீட்டில் தடியன் என்றுதான் பெயர். பழைய படகை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். கடைக்கு விடுமுறையான புதன்கிழமை அவனுக்கு. ஞாயிறு தங்கைக்கு. ஆற்றோரத்துச் சின்ன ஊர்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். காலையில் போவது, ஒரு தெருவில் நடப்பது, டப்பாவைக் காலி செய்வது, வெயில் சாய்வதற்குள் திரும்புவது. அவ்வளவுதான்.

அந்தப் படகின் எஞ்சினுக்கு ஒரு சிவப்புக் கிளிப் உண்டு. கிளிப்பை எஞ்சினில் ஒரு பட்டனுக்கு அடியில் செருக வேண்டும். அதிலிருந்து வரும் சுருள் கயிற்றை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எஞ்சின் நின்றுவிடும். கிளிப் இல்லாமல் மறுபடி கிளம்பாது.

படகோடு இரண்டு கிளிப் கொடுத்தார்கள். ஒன்று மாட்டிக்கொள்ள. இன்னொன்று, படகில் மிச்சம் இருப்பவருக்காகப் படகிலேயே வைத்திருக்க. அண்ணனும் தங்கையும் அதை வீட்டுச் சாவி மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று. "கிளிப் நம்ம கையில இருந்தா எவன் படகைக் கிளப்பிட்டுப் போவான்?" என்று தடியன் கேட்டது எல்லோருக்கும் சரியாகவே பட்டது. அவன் தன்னுடையதை பைக் சாவியோடு கோத்துக்கொண்டான். அவள் தன்னுடையதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு?" என்று அவள் கணவன் ஒரு முறை கேட்டான்.

"நீ என்ன ஓட்டவா போற? பலகையைப் பிடிக்க கிளிப் வேண்டாம்" என்றாள்.

அன்று ஆறு நிறம் மாறியிருந்தது. பால் குறைத்த டீயின் நிறம். நடுவில் கிளைகள் வந்தன. வேரோடு ஒரு வாழை வந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்தபடி, இவர்களைத் தாண்டிப் போனது.

"மேல எங்கேயோ மழை போல" என்றான்.

"அது மேல. நாம கீழ" என்றாள்.

போகும்போது ஓட்டத்தோடு போனார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே ஊர் வந்தது. அவள் எஞ்சினை மெச்சினாள். எஞ்சின் பாதி விசையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்குக் கொஞ்சம் கீழே ஒரு தடுப்பணை. அதற்கு முன்னால் ஆற்றுக்குக் குறுக்கே ஆரஞ்சு மிதவைகளைக் கோத்த ஒரு கம்பி. படகுகள் அதைத் தாண்டக் கூடாது. அன்று அந்தக் கம்பி குறுக்கே இல்லை. ஒரு முனை அறுந்து, மிதவைகள் எல்லாம் எதிர்க்கரையோரம் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் படித்துறையில் இரும்பு வளையத்தில் படகைக் கட்டினாள். வளையம் தண்ணீருக்கு மேலே முழங்கை உயரத்தில் இருந்தது.

ஒரே தெருதான். ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரும் சுறுசுறுப்பாக இருந்தார்கள். துணிக்கடையில் கீழ்த்தட்டுத் துணிகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஏணியில் நின்றார். டீக்கடையில் மாவு மூட்டைகள் மேஜைமேல் ஏறியிருந்தன. உட்கார இடமில்லை.

"என்னக்கா, வெள்ளையடிக்கப் போறீங்களா?" என்று டீக்கடைக்காரியிடம் கேட்டாள்.

"நான் எங்க அடிக்கிறது? ஆறே வந்து அடிச்சுட்டுப் போகும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரி சிரிக்கவில்லை.

"எதுல வந்தீங்க?"

"படகுல."

டீக்கடைக்காரி டீ ஆற்றுவதை நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். "இவரா ஓட்டினாரு?"

"ஏன்க்கா, மீசை இருந்தாத்தான் படகு நகருமா? நான்தான் ஓட்டினேன்."

"மீசை வச்சவன் ஒருத்தனும் இன்னைக்குப் படகை எடுக்கலம்மா. குடிச்சுட்டுக் கிளம்புங்க."

"சும்மா பயமுறுத்துறாங்க" என்று வெளியே வந்ததும் சொன்னாள். அவன் போய்விடலாம் என்றான். அவள் அவன் தலையைப் பார்த்தாள். எதிரில் ஒரு முடிதிருத்தும் கடை திறந்திருந்தது.

"தலையா இது, குருவிக்கூடு. நாளைக்கு ஆபீஸ் போகணும்ல? வெட்டிக்கோ. பத்து நிமிஷம். நான் பாலத்தைப் பார்த்துட்டு வரேன்."

அவனுக்கும் கரையிலேயே இருப்பது பிடித்திருந்தது. உட்கார்ந்தான். முடிதிருத்துபவர் துணியைப் போர்த்தினார். இடப்பக்கத்தை வெட்டி முடித்தார். கண்ணாடியில் தெரு தெரிந்தது. தெருக்கோடியில் ஆறு தெரிந்தது. அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தரியை வைத்துவிட்டுத் துணியை உருவினார்.

"மீதியை வீட்டுல போய் வெட்டிக்கங்க தம்பி."

"பாதிதானே ஆயிருக்கு?"

"படித்துறையில மேல்படி ஒண்ணுதான் தெரியுது. இப்போ வரைக்கும் தெரியுது. எந்திரிங்க."

அவளைப் பாலத்தருகே கண்டுபிடித்தான். அவன் தலையைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பக்கத்துக்கு வேற ஆள் வருவாங்களா?" என்றாள். படித்துறைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

வளையத்தைக் காணவில்லை. தண்ணீருக்குள் இருந்தது. கயிறு விறைத்து, படகின் மூக்கைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது.

"பஸ்ல போயிடலாம்" என்றான்.

"படகை ஆறு கொண்டு போயிடும். தடியனுக்கு யாரு பதில் சொல்றது? எதிர்த்துப் போனா அரைமணி நேரம் கூட ஆகும். அவ்வளவுதான். ஏறு."

ஏறினான். இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டார்கள். அவள் மணிக்கட்டில் சுருள் கயிற்றை மாட்டினாள், கிளிப்பைச் செருகினாள், எஞ்சினைக் கிளப்பினாள். அவன் முன்னால் போய்க் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு தண்ணீருக்குள் இறுகிப் போயிருந்தது.

"தள்ளு. உனக்கு ஷூ லேஸே சரியா வராது."

அவள் முன்னால் வந்தாள். கிளிப் பிடுங்கிக்கொண்டது. எஞ்சின் நின்றது. அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. எத்தனையோ முறை அப்படி நின்றிருக்கிறது. அவள் மூக்கில் குப்புறப் படுத்து, பையிலிருந்த ரொட்டிக் கத்தியால் கயிற்றை அறுத்தாள். இழை இழையாக அறுந்தது. கடைசி இழை தானே தெறித்தது. அமுங்கிக் கிடந்த மூக்கு துள்ளி எழுந்தது. அவள் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தாள்.

எழுந்துவிட்டாள். தலையைச் சிலுப்பினாள். சிரித்தாள்கூட. படகு கரையோரச் சுழலில் ஒரு சுற்றுச் சுற்றியது. அதற்குள் நடு ஓட்டம் அவளை இழுத்துக்கொண்டது. அடுத்து படகையும் இழுத்துக்கொண்டது. அவள் முன்னால். படகு பின்னால்.

அவன் பின்பக்கம் ஓடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். எஞ்சின் உறுமியது, பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடி. அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு தொங்கியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. படகைக் கிளப்புகிற கிளிப் தண்ணீரில் இருக்கிறது. இன்னொன்று தடியனின் பைக் சாவியில் இருக்கிறது.

அவள் கிளிப்பைக் கழற்றி வீசினாள். படகுக்கு எட்டாமல் விழுந்தது.

ஒரே துடுப்புதான் இருந்தது. இடப்பக்கம் போட்டான், படகு வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் போட்டான், குறுக்காக நின்றது. துடுப்பை அவளை நோக்கி நீட்டினான். இடைவெளி குறையவே இல்லை. கரையில் ஆட்கள் ஓடி வந்தார்கள். கத்தினார்கள். ஒன்றும் காதில் விழவில்லை. வேறொரு சத்தம் எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்தது. தடுப்பணையை மேலிருந்து பார்த்தால் அணை தெரியாது. ஒரு நேர்கோடு தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு. அந்தப் பக்கம் வானம்.

அவள் நங்கூரத்தைக் காட்டிக் கத்தினாள். அவன் அதைத் தூக்கினான். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. எப்போதும் படித்துறையில்தான் கட்டுவார்கள். கயிறு கடையில் சுற்றிக் கொடுத்தபடியே இருந்தது. நங்கூரத்தைத் தலைக்கு மேலே தூக்கி வீசப் போனான். அவள் மறுபடி கத்தினாள். அவன் கீழே பார்த்தான். கயிற்றின் மறுமுனை எதிலும் கட்டப்படாமல் கிடந்தது. அப்படியே போட்டிருந்தால் கயிறும் போயிருக்கும், படகும் நின்றிருக்காது.

கட்டினான். போட்டான். கயிறு ஓடி முடிந்து, படகு வெடுக்கென்று நின்றது. அவன் முழங்காலில் விழுந்தான்.

படகு நின்றது. அவள் நிற்கவில்லை.

இடைவெளி அதிகமாகிக்கொண்டே போனதை அவன் பார்த்தான். ஆரஞ்சு ஜாக்கெட் கோடு வரை போனது. பிறகு கோடு மட்டும் இருந்தது. வளையாமல், அசையாமல், முன்பிருந்தபடியே இருந்தது.

கரையிலிருந்து கயிறு வீசி அவனை இழுத்தார்கள். அணைக்குக் கீழே அவளைத் தேடிப் போனவர்கள் இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். அந்த ஊர் நர்ஸ் ஒருத்தி அவனுக்குக் கம்பளி போர்த்தினாள்.

ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தான். தடியன் பைக்கில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். சாவியைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தான். அதில் தொங்கிய சிவப்புக் கிளிப்பை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். தடியன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய ஆள், சுவரோடு சுவராக அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

மாமியார் அழவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா மாப்பிள்ளை?"

அவன் வாயைத் திறந்தான்.

"அம்மான்னு கூப்பிட்டிருப்பா. சின்ன வயசுல தடுக்கி விழுந்தாலே ஊர் கேட்கிற மாதிரி கூப்பிடுவா. கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா அத்தை" என்றான்.

மாமியார் தலையாட்டினாள். அது போதும் என்பதுபோல அவன் கையை விட்டாள்.

அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. தன்னைக் காப்பாற்றச் சொல்லி அவனைக் கேட்கவும் இல்லை. கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது, வாயில் தண்ணீரைத் துப்பிவிட்டு, கண்ணாடிக் கடையில் பொறுமை இழக்கும்போது பேசும் அதே குரலில் அவள் சொன்னது:

"டேய், அந்த முனையைப் படகுல கட்டிட்டுப் போடுடா!"