மாமி கைச் சமையல்

மறதி நோய்க்கான சோதனைக்கு முன்பெல்லாம் ஒரு முழுக் காலை ஆகுமாம். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்பார்களாம். இப்போது கேள்விகள் ஏற்றிய டேப்லெட் கணினி வந்துவிட்டது. கால் மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. கூட வந்தவர்களில் ஒருவர் பதில் சொன்னால் போதும். சோதனை மாமிக்கு; பதில் சொல்ல மாமா அப்துல் மாலிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பின்னால் நிற்கிற மருமகள் ஃபரீஹாவை யார் கேட்கப்போகிறார்கள்?

"வீட்ல சமைக்கறாங்களா?" என்றாள் டேப்லெட்டோடு இருந்த பெண்.

"அவ வைக்கிற ஆணம் இல்லாம எனக்கு சோறு எறங்காது. நேத்துகூட மணக்க மணக்க வச்சா."

அவர் பொய் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிக்குள் கால் வைக்காத மனிதர். தட்டில் வந்தது தெரியும்; யார் ஆக்கியது என்று தெரியாது. மாமி ஜஹபர் நிஷா ஒரே குழம்புக்குத் திரும்பத் திரும்ப உப்புப் போட ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து ஃபரீஹாதான் ஆக்கி, கரண்டியை மாமி கையில் கொடுத்துப் பரிமாற அனுப்புகிறாள். மாமியின் மானம் போகக்கூடாதே என்றுதான். போன வாரம் மாமி காஸைத் திறந்துவிட்டுத் தொழப் போய்விட்டார். இனியும் மறைத்தால் உயிர் போய்விடும் என்று பயந்துதான் இங்கே அழைத்து வந்தாள்.

"மாமா, சமையல் நான்தான்..."

"பெரியவங்க பேசறப்ப நடுவுல என்னம்மா?" என்று வெட்டினார் மாமா.

டாக்டர் திரையைப் பார்த்தார். "ஞாபகத்துல மார்க் கம்மிதான். பள்ளிக்கூடம் போகாதவங்களுக்கு அப்பிடித்தான் வரும். வீட்டு வேலையெல்லாம் செய்யறாங்களே, பயமில்ல. அடுத்த வருஷம் வாங்க."

ஆட்டோ முல்லா வீதிக்குள் திரும்பும்போது மாமா சொன்னார்: "நல்லா இருக்கறவளுக்கு சீக்காளின்னு பட்டம் கட்டப் பாத்தியே."



மறுநாள் ஃபரீஹா அடுப்படிக்குப் போகவில்லை. பகல் தொழுகை முடிந்து வந்த மாமா கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மாமி அரிசிப் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபரீஹாவிடம் வந்து, மாமாவுக்குக் கேட்காதபடி, "அடுத்தது என்னம்மா?" என்றார்.

எழுந்துவிடத்தான் கால் பரபரத்தது. தன்னைத் தானே வெறுத்துக்கொண்டு, "மாமாவையே கேளுங்க மாமி" என்றாள்.

மாமி அப்படியே போய்க் கேட்டார். "ஏங்க, சோறு எப்பிடி ஆக்கணும்?"

அப்துல் மாலிக் வாயைத் திறந்தார். அவருக்கும் தெரியவில்லை.