பத்துக் கேள்வியும் ஒரு குழாய் ரத்தமும்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. எடுத்த ரத்தத்தை அரை மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து உறைபெட்டியில் வைக்காவிட்டால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு யாருக்கு மனச்சோர்வு வரும் என்று கர்ப்பிணிகளின் ரத்தத்தை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. கூடவே மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம். அதை அந்தந்தப் பெண்ணே நிரப்ப வேண்டும்.

ஏழு மாத வயிற்றோடு இருந்த தன் தங்கையையும் அவள் வற்புறுத்திச் சேர்த்துவிட்டாள். தங்கைக்கு வீட்டில் வாயாடி என்றே பேர். அப்படிப்பட்டவள் அன்றைக்குப் படிவத்தைப் பார்த்தபடி பேனாவை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். எடுத்த ரத்தத்துக்கான அரை மணி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி, பரீட்சையா எழுதுற? குடு இங்கே. தங்கமான புருஷன், நல்லபடியா வளர்ற குழந்தை, உனக்கென்ன குறைச்சல்?"

பிடுங்கி, பத்துக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு, ரத்தக் குழாயோடு ஓடினாள். ரத்தத்தின் மேல் இருந்த அக்கறை ரத்தம் கொடுத்தவள் மேல் இல்லை. அப்படிப்பட்ட மகராசி.

தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதமானது. சேர்த்து வைத்த ரத்தம் எல்லாவற்றையும் மொத்தமாகச் சோதித்து முடித்த ஆராய்ச்சி டாக்டரம்மா லேப் அக்காவைக் கூப்பிட்டார்.

"இந்த நாற்பத்தி மூணாம் நம்பரைப் பாருங்க. மனச்சோர்வுக்கு அடையாளமா நாம பார்க்கிற அழற்சி அளவு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. படிவத்துல எல்லாமே 'இல்லை'. ரத்தத்தைக் கையாண்டதுல ஏதோ கோளாறு போல. கணக்குலேர்ந்து தூக்கிடலாமா?"

குழாயில் நம்பரை ஒட்டியவளுக்கு ஆள் தெரியாதா? "சரிங்க டாக்டர்" என்றால் போதும், வேலை தப்பிக்கும்.

"ரத்தம் சரியாத்தான் இருக்கு டாக்டர். படிவம்தான் பொய். நான் நிரப்பினது. அது என் தங்கச்சி."

டாக்டரம்மா திட்டவில்லை. "ரத்தத்தை மட்டும் வச்சு ஒண்ணும் முடிவா சொல்ல முடியாது. சளி, காய்ச்சல்னாலும் ஏறும். ஆனா அவகிட்ட இதுவரைக்கும் யாராவது கேட்டீங்களா? முதல்ல போங்க. விளக்கமெல்லாம் அப்புறம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த ஒரு மாதத்தில் நாலு தடவை தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நாலு தடவையும் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வந்திருந்தாள்.

இந்தத் தடவை போனபோது பட்டப்பகலில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தொட்டிலில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. தங்கை கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அக்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'நல்லா இருக்கியா' என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"செத்துடலாம்னு தோணுதாடி?"

தங்கை மெல்லத் திரும்பினாள்.

"இப்பத்தான் ரிசல்ட் வந்துச்சாக்கா?"

"என்னடி சொல்றே?"

"என் வாயால சொல்ல பயமா இருந்துச்சு. ரத்தத்துல தெரிஞ்சிரும், நீயே வந்து கேப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன். நாலு தடவை வந்தே. ஒண்ணுமே கேக்கல. அப்ப ரத்தத்துலயும் ஒண்ணும் இல்ல, எனக்கு நோயே இல்ல, நான்தான் கெட்ட அம்மான்னு நினைச்சுக்கிட்டேன்."

அக்கா எழுந்தாள். குழந்தையை ஒரு கையிலும் தங்கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.